ஜோகூர் லாமா சொல்லும் பாடம்



அண்மையில் கோத்தா திங்கி வட்டாரத்தில் உள்ள ஜோகூர் லாமாவுக்குப் போயிருந்தேன். ஆற்றோரம் புல் மூடிய பழைய மண் அரண்தான் மிச்சம். "இதுவா தலைநகரம்?" என்று கூட வந்த பையன் கேட்டான்.

இதுதான். 1511ல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அதன் கடைசி சுல்தானின் மகன் அலாவுடின் ரியாயத் ஷா 1540 வாக்கில் இங்கே கோட்டை கட்டினார். ஜோகூர் ஆற்றில் கப்பல்கள் வந்தன. தோண்டியபோது கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளே அந்த வணிகத்துக்குச் சாட்சி. மலாக்காவுக்குப் போட்டியாக வளர்ந்தது போர்த்துகீசியரின் கண்ணை உறுத்தியது. 1587ல் வந்து நகரை அழித்தார்கள்.

நகரம் போனது, அரசு போகவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் பத்து சாவாரில் மறுபடி தலைநகர் எழுந்தது. 1641ல் டச்சுக்காரர்களோடு சேர்ந்து போர்த்துகீசியரை மலாக்காவிலிருந்து விரட்டியதும் இதே ஜோகூர்தான்.

நான் பிறந்த தோட்டமும் இன்று இல்லை. லயத்து வீடுகளை இடித்தபோது, "எல்லாம் போச்சு" என்று நானும் புலம்பினேன். இப்போது புலம்புவதில்லை. தாமானில் வாராவாரம் தேவார வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். நம் பத்து சாவார் அதுதான். நீங்களும் வாங்க.