உதவித்தொகையும் வீட்டுக் கடனும்

கேள்வி: நான் அடையாற்றில் ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவி. ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்பாக மாதம் 37,000 ரூபாய் வருகிறது. மயிலாப்பூரில் மாட வீதிக்கு அருகே நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கும் சிறிய, பழைய ஃபிளாட்டை உரிமையாளர் 48 லட்சத்துக்கு எங்களுக்கே தரச் சம்மதிக்கிறார். வங்கி அதிகாரியோ, "ஸ்டைபண்டுக்கு ஹவுசிங் லோன் கிடையாது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இது சட்டப்படி சரியா? தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் கடனில் சேர்ந்துகொள்ளத் தயார். ஆனால் பத்திரம் என் பெயரில் மட்டும் இருக்கட்டும் என்கிறார். தரகர் ஒருவர் சம்பளச் சான்றிதழ் 'ஏற்பாடு' செய்வதாகவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: தரகரை முதலில் வெளியே அனுப்பிவிட்டு மற்ற விஷயங்களுக்கு வருவோம். இல்லாத உத்தியோகத்துக்குச் சான்றிதழ் தயாரிப்பதும் அதைக் காட்டிக் கடன் பெறுவதும், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 336 ஆகிய பிரிவுகளுக்குள் வரும் குற்றங்கள். பிற்பாடு தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டினாலும் பொய்யாவணம் மெய்யாவணமாகிவிடாது.

கடன் என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு இருவருடைய சம்மதமும் வேண்டுமாகையால், கொடுக்க விரும்பாத வங்கியைக் கொடுத்தே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் 2003இல் ரிசர்வ் வங்கி வகுத்து, பின்னர் எல்லா வகைக் கடன்களுக்கும் விரிவாக்கிய நியாயமான நடைமுறை நெறிகளின்படி, மனுவை நிராகரிக்கும் வங்கி அதன் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆகவே மனுவை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் தொகை சம்பளம் அல்ல; கல்விச் செலவுக்கென அளிக்கப்படும் உதவித்தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16)ஆம் பிரிவே வரிவிலக்கு அளித்தது. அந்தச் சலுகையே இங்கே இடையூறாகவும் வந்து நிற்கிறது: வரியில்லாததால் வங்கி கேட்கும் படிவம் 16 உங்களிடம் இராது. இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000 ஆக உயரும் அந்தத் தொகை ஐந்து வருஷத்தோடு நின்றும்விடும். கடனோ இருபது வருஷம் ஓடும். 48 லட்சத்தில் 80 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய 38 லட்சம்தான் இந்த அளவுள்ள கடனுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு. அதற்கு எட்டரை சதவிகித வட்டியில் மாதத் தவணையே சுமார் 33,000 ரூபாய். மீதிக் கிரயத்தோடு 7 சதவிகித முத்திரைத் தீர்வையும் 2 சதவிகிதப் பதிவுக் கட்டணமும் சேர, கையிலிருந்து 14 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின், எழுத்தில் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிட்டார் என்பதற்கு மேல் அந்த அதிகாரியிடம் குறைகாண எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அண்ணன் சேர்ந்தால்தான் கடன் என்றாகிறது. அவர் பிரியத்தினால் சொன்ன யோசனையில்தான் ஆபத்து இருக்கிறது. கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பாத்தியப்பட்டவர்; 'பாதி என்னுடையது, பாதி தங்கையுடையது' என்ற கணக்கை வங்கி ஏற்காது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாகும். அப்புறம் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் இருவருக்கும் வரும். அந்த நாளில் கடனில் பெயர் இருந்து பத்திரத்தில் பெயர் இல்லாத அண்ணனுக்கு மிஞ்சுவது கடன் மட்டுமே. நாளை அண்ணி வந்து, மாதம்தோறும் போகும் பணம் எந்த வீட்டுக்கு என்று கேட்டால் அவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

இதைவிட நுட்பமான சங்கடமும் உண்டு. 2016இல் திருத்தப்பட்ட பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டம், மனைவி மக்கள் பெயரில் ஒருவர் தம் கணக்கில் காட்டிய வருவாயைக் கொண்டு வாங்குவதற்கு விலக்கு அளிக்கிறது. உடன்பிறந்தார் விஷயத்திலோ, பணம் கொடுத்தவர் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால் மட்டுமே அந்த விலக்கு செல்லும். தவணையெல்லாம் அண்ணன் கட்ட, கிரயம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், விசாரணை வரும் நாளில் 'அன்பினால் செய்தோம்' என்பது போதிய பதிலாகாது. எனவே இருவர் பெயரிலும், அவரவர் தரும் பணத்துக்கேற்பப் பங்கைக் குறிப்பிட்டே கிரயப் பத்திரம் எழுதுங்கள். நீங்கள் உத்தியோகம் பெற்று அவர் பங்குக்குரிய பணத்தைத் தீர்த்தபின், வங்கியின் இசைவோடு அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம்.

மூலபத்திரங்களை ஒப்படைத்தே அடமானம் செய்யும் முறையை 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கும் மூன்று ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. அந்தச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் அது இன்னும் 'மெட்ராஸ்'தான். பத்திரம் வங்கிப் பெட்டிக்குள் போய்விட்டதே என்ற பயம் வேண்டாம்: கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்றும் 2023இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. பயப்பட வேண்டியது அந்தப் பத்திரம் எதைத் தருகிறது என்பதைப் பற்றியே. மாட வீதிகளைச் சுற்றி மனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்போருக்கும் உரிமையான வீடுகள் உண்டு. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, உரிய அனுமதியின்றி விற்ற கோயில் நிலத்தின் கிரயம் செல்லாது. உங்கள் ஃபிளாட்டுக்குரிய பிரிக்கப்படாத மனைப் பங்கு யாரிடமிருந்து, எந்தப் பத்திரத்தின்மூலம் வந்தது என்பதைத் தாய்ப்பத்திரம்வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

தாய்ப்பத்திர நகலையும் முப்பது வருஷ வில்லங்கச் சான்றையும் ஒரு வக்கீலிடம் காட்டி அபிப்ராயம் பெறுங்கள்; கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பி வரும் என்ற ஷரத்தை உடன்படிக்கையில் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதுவரை வீட்டுக்காரருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.