அழியா முதல்

நுழையும்முன்

கொடை என்றவுடன் பசித்தவர்க்குச் சோறும் வறியவர்க்குப் பொருளும் வழங்குதலே நம் நினைவிற்கு வரும். வாய் திறந்து கேளாத காட்டிற்கும் கடலுக்கும் வழங்கப்படும் கொடையும் உண்டு. அக்கொடை நிலத்தையும் நீரையும் எவ்வாறு காக்கிறது? அதன் ஆற்றல் எவ்விடத்தில் முடிந்துவிடுகிறது? இரு நாடுகளின் பட்டறிவு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

சிறுவர்களின் காடு

நடு அமெரிக்காவின் சிறிய நாடான கோஸ்டாரிகாவில் மான்டெவெர்டே என்னும் மலைப்பகுதி உள்ளது. கரீபியக் கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று மலையில் மோதி முகிலாகத் தவழ்வதால், இங்குள்ள காட்டை முகிற்காடு என்பர். மரக்கிளைகளிலும் அவற்றின்மீது படர்ந்த பாசியிலும் முகிலின் நீர் படிந்து, துளித்துளியாக வடிந்து ஓடைகளாகப் பெருகுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுக் காடுகள் மேய்ச்சல் நிலங்களாக விரைந்து மாறின. காட்டை வெட்டியவர்களுள் பலர் எளிய உழவர்கள். மரம் நின்ற நிலம் அவர்களுக்கு வருவாய் தரவில்லை. மாடு மேய்ந்த நிலமே குடும்பத்தைக் காத்தது. எஞ்சிய காட்டையேனும் காக்க வேண்டும் என எண்ணிய அப்பகுதி மக்களும் உயிரியலாளர்களும் இணைந்து 1986இல் மான்டெவெர்டே பாதுகாப்புக் கழகத்தை நிறுவினர்.

மறு ஆண்டு, ஸ்வீடன் நாட்டின் ஃபாகர்விக் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியர் ஈஹா கெர்ன் தம் மாணவர்களுக்கு மழைக்காடுகளைப் பற்றிக் கற்பித்தார். காடுகள் அழிந்துவருவதை அறிந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், அதனைத் தடுக்கத் தங்களால் என்ன செய்ய இயலும் என வினவினான். மான்டெவெர்டேயில் ஆய்வு செய்துவந்த ஷரன் கின்ஸ்மன் என்னும் உயிரியலாளர் அம்மாணவர்களைச் சந்தித்து, அங்குள்ள நிலத்தை விலைக்கு வாங்கிக் காக்கலாம் என்பதை எடுத்துரைத்தார். சிறுவர்கள் நிகழ்ச்சிகள் நடத்தியும் சிறு பொருள்களை விற்றும் பணம் திரட்டினர். முதலில் சேர்ந்த தொகை ஏறத்தாழ 6 ஹெக்டேர் காட்டை வாங்கவே போதுமானதாக இருந்தது. ஆனால், செய்தி பள்ளிகள்தோறும் பரவியது. 44 நாடுகளின் சிறுவர்கள் கொடையளித்தனர். பெரியவர்களும் அமைப்புகளும் துணைநின்றனர். 'சிறுவர்களின் நிலைத்த மழைக்காடு' எனப் பெயர்பெற்ற அக்காடு இன்று 22,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்து, கோஸ்டாரிகாவின் மிகப்பெரிய தனியார் காப்புக்காடாகத் திகழ்கிறது.

வாங்கிய பின்னர்

நிலத்தை வாங்கிவிட்ட அளவிலேயே காடு காக்கப்பட்டதாகாது. வேட்டையாட வருவோரும் திருட்டுத்தனமாக மரம் வெட்டுவோரும் பத்திரத்தைக் கண்டு திரும்பிச் செல்வதில்லை. எல்லைகளைச் சுற்றிவரக் காவலர் வேண்டும். அவர்களுக்குத் திங்கள்தோறும் ஊதியம் வேண்டும். அழிந்த இடங்களில் நடுவதற்குக் கன்றுகள் வேண்டும். ஒரு காட்டை வாங்குவதற்குக் கொடையளிப்போருக்குத் தாம் காத்த நிலம் கண்ணுக்குத் தெரிகிறது. காவலரின் ஊதியத்திற்கு அளிக்கும் பணம் அவ்வாறு தெரிவதில்லை. அதனால் முதல் வகைக் கொடை எளிதில் சேர்கிறது. இரண்டாம் வகைக்கு ஆண்டுதோறும் கையேந்த வேண்டியுள்ளது.

இக்குறையை நீக்கப் பிறந்ததே மூலநிதி முறை. திரட்டிய தொகையைச் செலவிடாமல் முதலீடு செய்து, அதிலிருந்து கிடைக்கும் வருவாயை மட்டும் பாதுகாப்புப் பணிக்குப் பயன்படுத்துவதே இதன் அடிப்படை. முதல் குறையாதவரை காவலும் குறையாது.

தெரிந்து தெளிவோம்

சோழர் காலத்தில் கோயிலில் நுந்தா விளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக அளித்தனர். ஆடுகளைப் பெற்ற ஆயர்கள் நாள்தோறும் நெய் அளந்தனர். இறந்த ஆடுகளுக்கு ஈடாகக் குட்டிகள் பெருகி, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நின்றது. ஆதலால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகளில் வழங்கப்பட்டன. முதலைத் தொடாமல் பயனை மட்டும் நுகரும் மூலநிதியின் இயல்பும் இதுவே.

கடனால் காத்த கடல்

காட்டை விலைக்கு வாங்கலாம். கடலை வாங்க இயலாது. அதனைக் காக்கும் உரிமையும் கடமையும் கரையோர நாட்டின் அரசுக்கே உரியன. கடன்சுமையில் தவிக்கும் அரசோ பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்க இயலாமல் திணறுகிறது. அக்கடனையே பாதுகாப்புக்குரிய கருவியாக மாற்றலாம் என்னும் கருத்தை அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1984இல் முன்வைத்தார். 1987இல் பொலிவியா நாட்டின் கடனில் ஒரு பகுதியைத் தொண்டமைப்பு ஒன்று குறைந்த விலைக்கு வாங்கித் தள்ளுபடி செய்தது. ஈடாக அந்நாடு காட்டுப்பகுதிகளைக் காக்க ஒப்புக்கொண்டது.

இம்முறையைக் கடலுக்கு முதன்முதலாகப் பயன்படுத்திய நாடு இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ். இத்தீவு நாட்டின் நிலப்பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதன் கடற்பரப்போ 13 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மிகுதி. சுற்றுலாவும் சூரைமீன் பிடிப்புமே அங்குள்ளோரின் வாழ்வாதாரம். 2008இல் அந்நாட்டால் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமற்போயிற்று. பின்னர், இயற்கைப் பாதுகாப்புத் தொண்டமைப்பு ஒன்றின் துணையுடன், ஏறத்தாழ 2 கோடியே 16 இலட்சம் டாலர் கடனை மாற்றியமைக்கும் உடன்படிக்கை உருவானது. இதற்கெனக் கொடையாளர்கள் அளித்தது 50 இலட்சம் டாலர். மேலும் ஒரு கோடியே 52 இலட்சம் டாலர் எளிய நிபந்தனைகளுடன் கடனாகத் திரட்டப்பட்டது.

2015இல் இதற்கென ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. வெளிநாடுகளுக்குச் செல்லவேண்டிய தவணைகள் அதன்பின் இவ்வறக்கட்டளைக்கு வந்தன. அவற்றில் ஒரு பகுதி புதிய கடனை அடைக்கவும், ஒரு பகுதி உள்நாட்டினரின் கடற்பாதுகாப்புப் பணிகளுக்கும், ஒரு பகுதி மூலநிதியை வளர்க்கவும் பயன்பட்டன. ஈடாக, தன் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைக் காப்பதாக அரசு உறுதியளித்தது. எந்தப் பகுதியில் மீன்பிடிப்பை நிறுத்துவது, எங்கே அனுமதிப்பது என்பன குறித்து மீனவர், சுற்றுலாத் தொழில் செய்வோர், அறிஞர் ஆகியோருடன் பல ஆண்டுகள் கலந்து பேசப்பட்டது. 2020இல் 4 இலட்சம் சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆமைகள் பெருந்திரளாக வாழும் அல்டாப்ரா பவளத்தீவைச் சூழ்ந்த கடலும் அதனுள் அடங்கும்.

கொடையின் எல்லை

கொடையால் ஆகாதனவும் உண்டு. மான்டெவெர்டே காட்டில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அது வாழ்ந்த காடு வெட்டப்படவில்லை, காவலும் இருந்தது. நோயும் தட்பவெப்ப மாற்றமும் அதன் அழிவுக்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. 1998இல் கடல்நீர் வெப்பமடைந்தபோது சீஷெல்ஸின் உள்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளில் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. எல்லைக்கோட்டால் வேட்டைக்காரரைத் தடுக்கலாம். வெப்பத்தைத் தடுக்க இயலாது. அதற்கு உலக நாடுகள் கரியமில வாயுவின் வெளியீட்டைக் குறைத்தாக வேண்டும்.

மற்றொரு வினாவும் எழுகிறது. தொலைநாட்டார் பணம் தருவதாலேயே, எங்கே மீன் பிடிக்கலாம் என உள்ளூர் மீனவருக்கு ஆணையிடும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுமா? அவ்வாறு நிகழுமாயின், காக்கப்படும் கடலே மீனவருக்கு வேலியாகிவிடும். மீனவரை அமர்த்திப் பேசிய ஆண்டுகள் காலத்தாழ்வு போலத் தோன்றினும், அவையே அத்திட்டத்திற்கு வலிமை சேர்த்தன.

ஃபாகர்விக் சிறுவர்கள் வாங்கிய 6 ஹெக்டேர் தனியே நின்றிருப்பின் இன்று என்னவாகியிருக்குமோ! அதனை ஏற்றுக் காக்க மலைமேல் ஒரு கழகம் முன்னரே காத்திருந்தது, காவலர் நடந்தனர், அடுத்தடுத்துக் கொடை சேர்ந்தது. பணம் கொடையின் தொடக்கம். அதனைப் பெற்று, நாள்தோறும் காத்துநிற்கும் மனிதரே அதன் அழியா முதல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பொதுநன்மைக்காக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை ஒன்று எவ்வாறு வருவாய் பெறுகிறது, யாரால் பராமரிக்கப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து எழுதுக.

2. 'இயற்கையைக் காக்கும் செலவை ஏற்கவேண்டியவர் அரசா, கொடையாளரா, மக்களா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.