டயல் போனுக்குப் பார்ட்ஸ் தேடுறியா? அக்கா சொல்றதைக் கேளு

தங்கச்சி, அந்தக் கறுப்பு டயல் போனைத் திரும்பப் பேச வைக்கணும்னு நீ நினைச்சதுலயே எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஷோகேஸ்ல வெச்சு அழகு பார்க்கிறதைவிட, மணி அடிச்சா எடுத்துப் பேசுறதுதான் அந்தப் பொருளுக்கு மரியாதை. ஆனா பார்ட்ஸ் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு. உடைஞ்சது, கருகினது எதையும் குப்பையில போட்டுடாதே. அளவும் நம்பரும் அதுலதான் இருக்கு. படத்தைப் பார்த்து, இதே மாதிரிதான் இருக்குன்னு வாங்கினா பாதி நேரம் பொருந்தாது.

பிரிக்கிறதுக்கு முன்னாடி லைன் வயரைக் கழட்டிடு. சும்மா இருக்கும்போது லைன்ல 48 வோல்ட்தான். நீ உள்ளே கை வெச்சிருக்கிற நேரம் யாராவது கூப்பிட்டா, மணிக்கு வர்ற ஏசி 75 வோல்ட் அளவுக்கு இருக்கும். சுள்ளுனு இழுத்துடும்.

இப்போ போனைக் கவுத்து, அடிப்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாரு. நம்ம வீடுகள்ல இருக்கிற டயல் போன் பெரும்பாலும் ஐ.டி.ஐ. தயாரிப்பு. 1948-ல பெங்களூருல ஆரம்பிச்ச அந்த நிறுவனத்துக்குத் தொடக்கத்துல தொழில்நுட்பம் கொடுத்தது இங்கிலாந்தோட ஏ.டி.இ. கம்பெனி. அதனால பழைய ஐ.டி.ஐ. போனுக்குச் சொந்தக்காரங்க பிரிட்டிஷ் போன்கள்தான். வெளிநாட்டுல இருந்து வந்த போன்னா 332, 706, 746 மாதிரி எண் இருக்கான்னு தேடு. இதெல்லாம் பிரிட்டிஷ் தபால் துறை மாடல்கள். 706 வந்தது 1959-ல, 746 வந்தது 1967-ல. அமெரிக்காவோட வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 500-ன்னா இன்னும் சுலபம், உள்ளே ஒவ்வொரு பாகத்துலயும் தேதி முத்திரை இருக்கும். எண், தேதி, வயர் எந்த டெர்மினல்ல எந்த நிறம், எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைத் தொடு.

அடியில எழுத்து அழிஞ்சிருந்தா டயலைப் பாரு. எண்ணோட ஆங்கில எழுத்தும் இருந்தா, 6-க்குப் பக்கத்துல எம், என், ஓ மூணும் இருக்கிறது அமெரிக்க டயல். 6-ல எம், என் மட்டும் இருந்து, ஓவும் க்யூவும் பூஜ்யத்துக்கிட்ட இருந்தா பிரிட்டிஷ். நியூசிலாந்துல இருந்து வந்ததுன்னா எண்களே தலைகீழா இருக்கும். நாம 1-னு படிக்கிற இடத்துல அங்க 9 இருக்கும். அதுக்காக டயலையே மாத்தாதே. சக்கரம் அனுப்புற துடிப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான். எண் பிளேட்டோட விட்டத்தை அளந்து, அதே அளவுல சரியான பிளேட்டை மட்டும் வாங்கிப் போட்டா போதும்.

டயல் மெதுவா திரும்புதா? அதுக்கும் உடனே புது டயல் வாங்காதே. நொடிக்குப் பத்து துடிப்புங்கிறதுதான் கணக்கு. பூஜ்யத்தைச் சுத்தி விட்டா சுமார் ஒரு நொடியில திரும்பி வந்துடணும். இழுத்து இழுத்து வந்தா பின்பக்கம், வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரோட அச்சுல வாட்ச் எண்ணெய் ஒரு துளி வை. கான்டாக்ட்ல எண்ணெய் படவே கூடாது. அங்கே வெறும் வெள்ளைத்தாளை ஒரு பட்டையா கிழிச்சு நடுவுல விட்டு இழுத்தாலே அழுக்கு வந்துடும்.

ஸ்க்ரூ விஷயத்துல ரொம்ப கவனம் வேணும். பிரிட்டிஷ் வடிவமைப்புல வர்றது பி.ஏ. மரை. 6 பி.ஏ. ஸ்க்ரூ 2.8 மி.மீ. விட்டம், நம்ம ஹார்டுவேர் கடை எம்3 ஸ்க்ரூ 3 மி.மீ. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். அழுத்தித் திருகினா மரை தேஞ்சுடும், பேக்கலைட்டா இருந்தா விரிசலே விட்டுடும். வெர்னியர் காலிப்பர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ. எண் பிளேட், பேசுற பக்கத்து மூடி, கேப்ஸ்யூல், எதை வாங்கினாலும் அளந்துட்டு வாங்கு.

நீ பேசுறது எதிராளிக்குக் கரகரன்னு கேட்டா, வாய்ப் பக்கத்து கேப்ஸ்யூலைச் சோதிச்சுப் பாரு. அது உள்ளே கரித்துகள் நிரப்பின மைக். மல்டிமீட்டரை ஓம்ல வெச்சு லேசா ஆட்டு. அளவு ஏறி இறங்கினா உயிர் இருக்கு. ஒரே இடத்துல நின்னா துகள் கட்டியாயிடுச்சு, உள்ளங்கையில மெதுவா தட்டிப் பாரு, சில நேரம் பிரிஞ்சுடும். மாத்தியே ஆகணும்னா இப்போ கிடைக்கிற சின்ன மைக்கை நேரா வெச்சுடாதே, வேலை செய்யாது. அதுக்கு உள்ளே தனி சர்க்யூட் வேணும். கரி மைக்குக்கு மாற்றாகவே செஞ்சதுதானான்னு கேட்டு வாங்கு.

மணி அடிக்கலைன்னா, கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி நிதானமா பார்க்கணும். இதுலதான் பணம் அதிகமா வீணாகுது. பிரிட்டன்ல 1981-ல இருந்து சுவர் சாக்கெட்டோட இணைக்கிற முறை வந்தது. மணிக்கான கண்டென்சரை அந்த சாக்கெட்டுக்குள்ளயே வெச்சாங்க. அதுக்கு ஏத்த மாதிரி மாத்தின போனை நம்ம ரெண்டு வயர் லைன்ல மாட்டினா பேசலாம், மணி மட்டும் அடிக்காது. மணி நல்லாத்தான் இருக்கும், சாக்கெட்டுல இருந்து மணிக்குன்னு வர்ற மூணாவது வயரோட இணைப்பைத்தான் மாத்தணும். சில அமெரிக்கப் போன்கள்ல வேற சிக்கல். அங்கே பல வீடுகள் ஒரே லைனைப் பங்கு போட்ட காலத்துல, வீட்டுக்கு வீடு வேற அதிர்வெண்ணுக்கு மட்டும் அடிக்கிற மணி வெச்சாங்க. அது நம்ம லைனுக்கு அசையவே அசையாது, அந்த மணியை மாத்தித்தான் ஆகணும்.

பழைய பிரிட்டிஷ் மணியில ரெண்டு காயிலும் சேர்த்து 1000 ஓம் காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்திருக்கு. காயில் சரின்னா கண்டென்சரைச் சந்தேகப்படு. பழையதுல போட்டிருக்கிற மைக்ரோ ஃபாரட் அளவையே கேளு, 250 வோல்ட் தாங்குற பாலியெஸ்டர் வகையா இருக்கட்டும். பிளஸ் மைனஸ் போட்ட எலக்ட்ரோலிட்டிக் வேண்டவே வேண்டாம். சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டுல விசாரி.

உடம்போ ரிசீவரோ உடைஞ்சிருந்தா, உதிரியா தேடி அலையறதைவிட அதே மாடல்ல ஓடாத போன் ஒண்ணை முழுசா வாங்குறது லாபம். காரைக்குடி பழம்பொருள் கடைகள்ல கேட்டுப் பாரு. பித்தளை பளபளன்னு புதுசா செஞ்ச அலங்கார போன் பக்கம் போகாதே, அதோட எதுவும் இதுக்குப் பொருந்தாது.

வீட்டுல ஃபைபர் லைன்னா, பார்ட்ஸ் செலவு பண்றதுக்கு முன்னாடியே உன் மோடம் பழைய டயல் துடிப்பைப் புரிஞ்சுக்குமான்னு கேட்டுக்கோ. சில மோடத்துல கால் வரும், போகாது. அதுக்குத் துடிப்பை டோனா மாத்துற சின்னக் கருவி தனியா கிடைக்குது. ஒரே மோடத்துல ரெண்டு பழைய மணி போன் மாட்டாதே, ரெண்டையும் அடிக்க வைக்கிற பலம் எல்லா மோடத்துக்கும் இருக்காது.