கோடைக்கு ஒரு குழி தீவனம்

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், பீட் மாவட்டக் கிராமங்களில் மாடு வளர்ப்போருக்குத் தீவனப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே கற்பித்ததை நம் சங்க அன்பர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. ஊரில் அண்ணனோ மாமாவோ இன்னும் மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு.

அது மழை மறைவுப் பகுதி. செப்டம்பரில் வரப்பெல்லாம் பசுமை. ஏப்ரலில் ஒரு பிடி பச்சைப் புல் கிடைக்காது. 2012-13 வறட்சியில் அங்கே கால்நடை முகாம்கள் திறந்து மாடுகளைக் காப்பாற்ற வேண்டி வந்தது. தீவனம் இல்லாத கோடையில் எல்லோரும் ஒரே சமயத்தில் மாட்டை விற்க வருவதால் விலை சரியும். மறுபடி மழை பெய்யும்போது அதே மாட்டை அந்த விலைக்கு வாங்க முடியாது.

சோளத்தட்டையைக் காயவைத்துப் போர் போடுவது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்; அதைக் 'கட்பா' என்பார்கள். நாங்கள் கற்பித்தது, பச்சைத் தீவனத்தைப் பச்சையாகவே காப்பது. மராத்தியில் 'முர்காஸ்', தமிழில் ஊறுகாய்ப்புல்.

செய்முறை இதுதான். மக்காச்சோளத்தை மணி பால் பிடித்து இறுகும் பருவத்திலும், புல்லைப் பூக்கும் தருணத்திலும் அறுக்க வேண்டும். முற்றினால் சத்துக் குறைந்து நார் மிகும். அரை நாள் வாடவிட்டு, 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். கையில் இறுக்கிப் பிடித்தால் நீர் சொட்டக்கூடாது. விட்டதும் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும். வெறும் புல்லானால் 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் கரைத்துத் தெளியுங்கள்.

மேட்டு நிலத்தில் குழி வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒரு சாண் உயரம் பரப்பி மிதிக்க வேண்டும். அதன்மேல் அடுத்த அடுக்கு. நிரம்பியதும் தாளால் மூடி மண் போட்டு அழுத்துங்கள். 45 நாள் கழித்துத் திறக்கலாம்.

கணக்கும் எளிது. ஒரு பசுவுக்கு நாளுக்கு 15 கிலோ வீதம் 90 நாளுக்கு 1,350 கிலோ. நன்கு மிதித்தால் ஒரு கன மீட்டரில் சுமார் 500 கிலோ அடங்கும். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் போதும்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாட்டுக்குத் தீவனம் வைப்பவர்களோ பெண்கள். ஆகவே பயிற்சியை மாட்டுக்கொட்டில் பக்கமே மாற்றினோம். "காற்றுப் புகுந்தால் கெடும்" என்றதும், "மாங்காய் ஊறுகாய் மாதிரிதானே!" என்றார் ஒரு மூதாட்டி. அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை.

நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சையாக, இனிய புளிப்பு மணத்துடன் இருக்கும். கறுத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் கொடுக்கவே கூடாது. முதலில் 4, 5 கிலோ கொடுத்துப் பழக்குங்கள். பாலில் வாடை ஏறாதிருக்கக் கறந்த பிறகே வையுங்கள். அன்றன்று வேண்டியதை ஒரு பக்கமாக எடுத்து உடனே மூடிவிடுங்கள். உலர்ந்த தட்டையும் சேர்ந்தே இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழையில் பசுமை பெருகும் நம் ஊர்களுக்கு மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது இதையும் சொல்லுங்கள். முதல் ஆண்டு ஒரு மாட்டுக்கு ஒரு குழி போட்டுப் பார்த்தாலே போதும்.