ஆற்காடு ரூபாயும் ஆர்க்கிமிடீஸும்

மக்களே, போன மாசம் 1,200 ரூபாய் கொடுத்து ஒரு பாடம் படிச்சேன். உங்களுக்கு ஃப்ரீ.

அம்பத்தூர்ல எங்க பாட்டி டப்பாவில் ஒரு வெள்ளி ஆற்காடு ரூபாய் இருக்கு. அதுக்கு ஜோடியா ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் இன்னொண்ணு வாங்கினேன். கொஞ்ச நாள்ல ஓரத்தில் செம்பு நிறம் தெரிஞ்சது. "அப்போ என்னுதும் டூப்ளிகேட்டாடா? உருக்கி உன் தங்கச்சிக்குக் கொலுசு பண்ணிடலாம்"னு பாட்டி ஆரம்பிச்சுட்டாங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. ஆற்காடு ரூபாயை நவாப் மட்டும் அடிக்கல. ஆங்கிலேயக் கம்பெனி மதராஸிலும், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் அடித்தார்கள். மதராஸ் காசுக்குத் தாமரை, புதுச்சேரிக்குப் பிறை அடையாளம். மதராஸ் காசில் முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172-ம் இருக்கும். மன்னர் 1759-லேயே இறந்துட்டார். கம்பெனி 1800-க்குப் பிறகும் அதே ஆண்டைப் போட்டே அடித்தது. அதனால காசில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பாதீங்க.

1835-ல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுக்க ஒரே ரூபாய் கொண்டுவந்தது. பழைய காசுகள் நிறைய உருக்கப்பட்டன. இத்தாலியிலும் இதே கதைதான்: 1861-ல் நாடு ஒன்றானதும் டஸ்கனி, நேப்பிள்ஸ் வெள்ளிக்காசுகள் லீராவுக்கு வழிவிட்டன. கிடைப்பது குறைஞ்சா போலி கூடும்.

இப்போ சோதனை. 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும்.

1. காசின் எடையைக் குறிச்சுக்கோங்க.
2. தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, ரீடிங்கை பூஜ்யமாக்குங்க.
3. காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுசா முக்குங்க. இப்போ காட்டும் கிராம்தான் காசின் கன அளவு (கன செ.மீ.).
4. எடையைக் கன அளவால் வகுங்க.

சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. கொஞ்சம் செம்பு கலந்த நாணய வெள்ளி 10.3 பக்கம் வரும்.

நான் வாங்கினது: 11.32 ÷ 1.27 = 8.91. வெள்ளி முலாம் பூசின செம்பு!
பாட்டியோடது: 11.40 ÷ 1.10 = 10.36.

தராசு 0.01 தப்பினாலும் விடை 0.1 அளவுதான் மாறும். ரெண்டையும் குழப்பிக்க முடியாது. ஆனா செம்போடு ஈயம் கலந்தாலும் 10.3 வரவைக்கலாம். அதனால இந்தச் சோதனை போலியைப் பிடிக்கும், அசல்னு சர்டிஃபிகேட் தராது. எழுத்தையும் அடையாளத்தையும் எழும்பூர் அருங்காட்சியகக் காசுகளோடு ஒப்பிட்டுப் பாருங்க.

முக்கியமா, புளி போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், மதிப்பு போயிடும்.

கொலுசு கேன்சல். காசு மறுபடி டப்பாவுக்குள்ள போயிடுச்சு.