தன்னம்பிக்கைப் பாடம்: நம் படம், நம் விருப்பம்



கூட்டமைப்பு விழாவில் போட்டோ எடுக்கிறார்கள் என்றதும் நம்மில் பலர் பின்வரிசைக்குப் போய்விடுகிறோம். "எனக்கெதுக்கு போட்டோ? நான் என்ன புதுப்பொண்ணா?", "வெயில்ல கறுத்துப் போயிட்டேன்" என்கிறோம். கல்யாணத்துக்கு ஒரு படம், ரேஷன் கார்டுக்கு ஒன்று, குழுவின் வங்கிக் கணக்குக்கு ஒன்று. நமக்காகவே எடுத்த படம் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

படத்தால் தன்னம்பிக்கை வருமா?

நகரங்களில் சில பெண்கள் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்காகத் தனி அறையில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிடித்த உடையில் எடுப்பவர்களும் உண்டு, குறைந்த உடையில் எடுப்பவர்களும் உண்டு. இதை 'பூத்வார்' போட்டோ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெண்ணின் தனி அறை என்று பொருள். பிள்ளை பெற்ற வயிறு, ஆபரேஷன் தழும்பு, பிறர் கேலி செய்த நிறம் இவற்றைப் பார்த்து, "இதுவும் என் உடம்புதானே, இதில் என்ன குறை?" என்று கேட்கும் தைரியம் தங்களுக்கு வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள்.

அந்தத் தைரியத்தைத் தருவது உடை இல்லை. எப்போது, எப்படி, யார் எடுப்பது, யார் பார்ப்பது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்கிறாள். பலம் அதில்தான் இருக்கிறது. நாம் சேலை கட்டி, மீன் கூடையோடு நின்று எடுத்தாலும் அதே பலம் கிடைக்கும்.

இது புதுசா?

இல்லை. புகழ்பெற்ற போட்டோகிராபர் ராஜா தீன் தயாள் 1892-இல் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டூடியோ திறந்தார். சுற்றிலும் உயர்ந்த மதில். உள்ளே படம் எடுத்தவர் கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. உதவியாளர்களும் பெண்கள்தான். அந்நிய ஆண் முன்னால் வராத பெண்களும் அங்கே கூச்சமில்லாமல் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. பாதுகாப்பு இருந்தால் கூச்சம் தானாகக் குறையும் என்பதை அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் மாமல்லபுரத்தையே பாருங்கள். அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய பல்லவர் காலச் சிற்பம் இருக்கிறது. கன்றை நக்கும் பசு, பால் கறப்பவர், இவர்களோடு சுமை தூக்கி வரும் ஆயர்குலப் பெண்ணும் அதில் உண்டு. சிற்பிக்கு ராணி மட்டும் அழகாகத் தெரியவில்லை, உழைக்கிற பெண்ணும் அழகாகத் தெரிந்திருக்கிறாள். நமக்கு மட்டும் ஏன் நம்மைப் பிடிக்கவில்லை?

கவனிக்க வேண்டியவை

1. விருப்பம் இருந்தால் மட்டும் எடுப்போம். கணவர் கேட்டாலும் தோழி கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.
2. நம்பிக்கையான பெண் எடுப்பது நல்லது. ஸ்டூடியோவுக்குப் போனால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வோம்.
3. முகத்தை வெள்ளையாக்கும் வசதி போனில் இருக்கும். அதைத் தொட வேண்டாம். நம் நிறம் நமக்குப் போதும்.
4. அந்தரங்கமான படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அழித்த படம்கூடப் போனின் குப்பைத்தொட்டியில் சில நாள் இருக்கும், அங்கேயும் அழிக்க வேண்டும். போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வோம்.

மிரட்டினால்?

"படத்தை வெளியே விடுவேன்" என்று ஒருவன் மிரட்டினால், தப்பு அவன் மேல்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 77-ஆம் பிரிவு இதற்கு உதவும். பெண்ணின் அந்தரங்கப் படத்தை, அவள் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்புவது குற்றம் என்கிறது அது. முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. பயந்து பணம் கொடுக்காதீர்கள். வந்த மெசேஜை அழிக்காமல் வைத்து, 1930 (சைபர் குற்றம்) அல்லது 181 (பெண்கள் உதவி) எண்ணுக்குப் பேசுங்கள்.

அப்படி ஒரு சகோதரி நம்மிடம் வந்தால், "நீ ஏன் எடுத்தே?" என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை. "வா, நாங்க இருக்கோம்" என்று சொல்லிக் கூடவே காவல் நிலையம் போவதுதான் குழுவின் வேலை.

குழுவில் கலந்து பேச

• நம் உடம்பைப் பற்றி நாம் கேட்ட கேலிப் பேச்சு எது? அதை நம் மகளிடம் நாமும் சொல்கிறோமா?
• நமக்காக ஒரு படம் எடுத்தால், எந்த வேலையில், எந்த இடத்தில் எடுக்க ஆசை?
• மிரட்டலுக்கு ஆளான உறுப்பினருக்கு உதவ, குழுவில் யார் யார் முன்வருவார்கள்? பெயர்களைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.