ஊக்கத்தை உள்ளிருந்து எழுப்புதல்

"படிக்க வேண்டும் என்று தெரிகிறது; மனம்தான் செல்லவில்லை" என்று பிள்ளைகள் கூறுவதை நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கிறோம். சாமாயிகத்தில் அமரும் பெரியோரும் இவ்விடர்ப்பாட்டை அறிவர். ஊக்கம் பிறர் ஊட்ட வருவதா, நாமே எழுப்பிக்கொள்ளத்தக்கதா? அறிவியலார் இவ்வினாவை ஆய்ந்த வகையை இப்பாடத்தில் காண்போம்.

ஆய்வு

நடுமூளையில் 'வென்ட்ரல் டெக்மென்டல்' என்னும் சிறு பகுதி உண்டு. அதன் நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளை மூளையின் பிற பகுதிகளுக்குச் செலுத்துகின்றன. முயற்சியில் நாட்டமும், கற்றதை நினைவில் இருத்தலும் இதனோடு தொடர்புடையன. மூளையின் ஒரு பகுதி மிகுதியாக இயங்கினால் அங்குள்ள குருதியின் ஆக்சிஜன் அளவு மாறும். அம்மாற்றத்தை எம்.ஆர்.ஐ. முறையால் காணலாம் என்பதைச் செய்ஜி ஒகாவா குழுவினர் 1990இல் வெளியிட்டனர்.

இம்முறையைக் கொண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலிசன் அட்காக் குழுவினர் நடத்திய ஆய்வு 2016இல் 'நியூரான்' இதழில் வெளிவந்தது. கருவிக்குள் படுத்திருந்தோர் தமக்கு ஊக்கம் தரும் எண்ணங்களைத் தாமே எழுப்ப முயன்றனர். முதலில் அப்பகுதியின் இயக்கத்தை அவர்களால் உறுதியாக உயர்த்த இயலவில்லை. பின்னர் ஒரு பிரிவினர்க்கு அவ்வியக்கம் வெப்பமானி போன்ற அளவுகோலாக உடனுக்குடன் காட்டப்பட்டது. வேறொரு பிரிவினர்க்குத் தொடர்பற்ற ஏற்ற இறக்கங்களே காட்டப்பட்டன. உண்மை அளவைக் கண்டோர் எவ்வெண்ணம் பயன் தருகிறது என்பதைத் தேர்ந்து கற்றனர். அளவுகோலை நீக்கிய பின்னும் அவ்வியக்கத்தை உயர்த்தினர். ஏனையோர்க்கு அது கைகூடவில்லை.

நாம் கொள்ளும் பொருள்

முயற்சி மட்டும் போதாது. அம்முயற்சியின் விளைவை உண்மையாகக் காட்டும் கண்ணாடியும் வேண்டும். அக்கண்ணாடி புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை. உள்ளதை உள்ளவாறு காட்டுகிறது. அன்றே திருத்திக் கொடுத்த ஏட்டில் மாணவன் தன் பிழையைக் கண்டு தெளிகிறான். ஒரு மாதம் கழித்து வரும் ஏட்டில் மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கிறான். அளவுகோல் ஒருநாள் விலக வேண்டும் என்பதும் கருதத்தக்கது. ஆசிரியரின்றியும் கற்க வல்லவனாக்குவதே கற்பித்தலின் நிறைவு.

நம் நெறியில் ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் தன்னைத் தானே நோக்கும் பயிற்சிகளாம். எனினும், "இவ்வாய்வை நம் முன்னோர் அன்றே அறிந்தனர்" என்று பெருமை பேசுவது நற்காட்சிக்குப் பொருந்தாது. கருவி காண்பது குருதியின் மாற்றத்தையே. திரவிய மனம் புத்கலத்தால் ஆயது என்றும், பாவ மனம் உயிரின்பாற்பட்டது என்றும் நம் நூல்கள் பிரித்துரைக்கின்றன. புத்கலத்தின் அசைவை அளந்ததனால் உயிரை அளந்ததாகாது. மேலும், ஊக்கம் எதன்பொருட்டு எழுகிறது என்பதைக் கருவி சொல்லாது. ஆர்த்தத் தியானத்திலும் ஊக்கம் உண்டு. தர்மத் தியானத்திலும் உண்டு. அவற்றைப் பகுத்தறிவது நம் கடமை.

இல்லத்தில் செய்க

1. நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகம் முடிந்ததும், மனம் எங்கெங்குச் சென்றது என்பதை ஒரு வரியில் குறித்து வைக்க.

2. பிள்ளையின் பாடத்தை அன்றே பார்க்க. பிறர் பிள்ளையோடு ஒப்பிடாமல் நேற்றைய ஏட்டோடு ஒப்பிடுக.

3. "எந்த எண்ணம் உன்னைப் படிக்க அமர்த்தியது?" எனக் கேட்க. விடையை அப்பிள்ளையே தேடட்டும்.

அறம் வளர்க!